நீர் தேங்கிய நிலத்தில் வேர்முடிச்சுகளின் மூச்சுத்திணறல்

கறவை மாடு வாங்கக் கடன் கோருவோரிடம், பசுந்தீவனத்திற்கு எவ்வளவு நிலம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வங்கிகள் கேட்பது வழக்கம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என விடை வரும். அது திட்ட அறிக்கையில் ஏறிவிடும். அந்த நிலத்தில் மழைநீர் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. குதிரைமசாலோ பர்சீமோ காராமணியோ பயிரிட்டிருக்கும் உழவருக்கு, நிலத்தின் பரப்பைக் காட்டிலும் இக்கேள்வியே முக்கியமானது என்பது நமது கருத்து. அதற்கான காரணம் மண்ணுக்கு அடியில், கடுகளவும் மிளகளவும் உள்ள வேர்முடிச்சுகளுக்குள் இருக்கிறது. இம்மாதக் கட்டுரையில் அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

நன்கு பால் தரும் கலப்பினப் பசு ஒன்றுக்கு நாள்தோறும் 25 முதல் 30 கிலோ வரை பசுந்தீவனம் தேவைப்படுகிறது. சோளம், மக்காச்சோளம் போன்ற தானியவகைத் தீவனங்கள் வயிற்றை நிரப்பும். ஆனால் அவற்றின் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 7, 8 விழுக்காடுதான். பர்சீமிலும் குதிரைமசாலிலும் அது 17 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். எனவேதான் பயறுவகைத் தீவனம் குறையும்போது உழவர் பிண்ணாக்குக்கும் கலப்புத் தீவனத்துக்கும் கூடுதலாகச் செலவிட நேர்கிறது. பாலின் விலை கூடாமல் தீவனச் செலவு மட்டும் கூடினால், கடன் தவணைக்கென ஒதுக்கிய தொகையில்தான் கைவைக்க வேண்டிவரும்.

இந்தப் புரதத்தின் மூலப்பொருள் நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் அதை நேரடியாகப் பயன்படுத்தும் ஆற்றல் எந்தச் செடிக்கும் இல்லை. பயறுவகைச் செடிகள் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்களைத் தம் வேர்களில் குடியமர்த்தி, அவற்றுக்குச் சர்க்கரையை உணவாக அளித்து, மாற்றாகத் தழைச்சத்தைப் பெற்றுக்கொள்கின்றன. நன்கு வேரூன்றிய குதிரைமசால் வயல் ஒன்று ஓராண்டில் ஹெக்டேருக்கு 200 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து ஈட்டுவது அரிதன்று. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. 45 கிலோ மூட்டையில் அது 20.7 கிலோ. அப்படியானால் இவ்வயல் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்து மூட்டை யூரியாவுக்கு இணையான சத்தைச் செலவின்றி ஆக்கித் தருகிறது. வரவுசெலவுக் கணக்கில் எங்கும் எழுதப்படாத வருமானம் இது.

முடிச்சுக்குள் நிகழ்வது

நைட்ரஜன் மூலக்கூற்றின் இரு அணுக்களும் மிக வலுவான பிணைப்பால் கட்டுண்டவை. அதைப் பிரித்து அம்மோனியாவாக மாற்றும் நொதிக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்ற அது 16 ஏடிபி மூலக்கூறுகளைச் செலவிடுகிறது. ஏடிபி என்பதை உயிரணுக்களின் நாணயம் எனலாம். இவ்வளவு நாணயத்தை ஈட்டுவதற்கு முடிச்சு மிக வேகமாகச் சுவாசிக்க வேண்டும். அதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். இங்கேதான் ஒரு முரண் எழுகிறது. ஆக்சிஜன் நேரடியாகத் தீண்டினால் நைட்ரஜனேஸ் நொதி மீளமுடியாதபடி கெட்டுவிடும். சமைக்க நெருப்பு வேண்டும், ஆனால் சமையற்காரர் வெப்பத்தையே தாங்காதவர் என்பது போன்ற நிலைமை இது.

செடி இச்சிக்கலை இரு வழிகளில் தீர்க்கிறது. முதலாவது, முடிச்சின் புறத்தோலுக்கு அடியில் உள்ள நெருக்கமான அணுவடுக்கு. அவ்வடுக்கின் இடைவெளிகளில் உள்ள காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்து, உள்ளே செல்லும் ஆக்சிஜனின் அளவைச் செடி கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, லெக்ஹீமோகுளோபின் என்னும் சிவப்பு நிறமி. நமது குருதியில் உள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான இதனை, 1939-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் குபோ அடையாளம் கண்டார். இந்நிறமி ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிர்களிடம் சிறிது சிறிதாகக் கொண்டு சேர்க்கிறது. எனவே முடிச்சின் உள்ளே தனித்து உலவும் ஆக்சிஜன் மிகமிகக் குறைவு. காற்றோடு கலந்த சாதாரண நீரில் உள்ள அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் உள்ளே வந்து செலவாகும் ஆக்சிஜனின் ஓட்டம் இடைவிடாதது. கையிருப்பு சொற்பம், புழக்கம் பெரிது. வரவு சற்று நின்றாலும் முடங்கிவிடும் வணிகத்தை நம் வாசகர்கள் பலர் அறிந்திருப்பார்கள்.

நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடம். அந்த இடைவெளிகளில் ஒரு பகுதி நீரும் மறுபகுதி காற்றும் இருக்கும். மழையோ மிகைப் பாசனமோ அவை அனைத்தையும் நீரால் நிரப்பிவிட்டால், வெளிக்காற்று வேரை அடையும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது. காற்றில் பரவும் வேகத்துடன் ஒப்பிட்டால், நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணில் எஞ்சிய ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்துத் தீர்க்கின்றன. வெதுவெதுப்பான மண்ணில் இதற்கு ஓரிரு நாள் போதும்.

அதன்பின் வேரணுக்கள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை நொதிக்கச் செய்து பிழைக்க முயல்கின்றன. முறையான சுவாசத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். நொதித்தலில் கிடைப்பது இரண்டே இரண்டு. இவ்வருமானத்தில் வேர் உயிரைத் தக்கவைத்துக்கொள்வதே பெரும்பாடு. ஒவ்வொரு நைட்ரஜன் மூலக்கூற்றுக்கும் 16 ஏடிபி கேட்கும் நைட்ரஜனேசுக்கு அங்கே இடம் ஏது? ஆகையால் முதலில் நின்றுபோவது நைட்ரஜன் நிலைநிறுத்தமே. இலை வாடுவதற்கும் வளர்ச்சி குன்றுவதற்கும் வெகு முன்னரே, சில மணி நேரத்திற்குள்ளாகவே, முடிச்சின் பணி வீழ்ந்துவிடுகிறது. வயலில் பச்சை மாறாமல் நிற்கும் பயிரைப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் நாள்களில் அடியில் ஆலை மூடிக்கிடக்கிறது.

நீர் மேலும் சில நாள் நின்றால் சேதம் ஆழமாகிறது. லெக்ஹீமோகுளோபின் சிதைகிறது. மண்ணில் வெளியேற வழியின்றித் தங்கும் எத்திலீன் வாயு, புது முடிச்சுகள் உருவாவதைத் தடுக்கிறது. நுண்ணுயிர் நுழையும் வாயில்களான மெல்லிய வேர்த்தூவிகள் அழிகின்றன. மறுபுறம், ஆக்சிஜனுக்கு மாற்றாக நைட்ரேட்டைச் சுவாசிக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணில் ஏற்கெனவே இருந்த நைட்ரேட்டையும் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. சம்பாத்தியமும் நின்றது, சேமிப்பும் கரைந்தது. மழைக்கு ஒரு வாரத்திற்குப் பின் அடியிலைகள் மஞ்சளாவதன் உட்பொருள் பெரிதும் இதுதான். அது நீர்க்குறை அன்று, நோயும் அன்று, தழைச்சத்துப் பட்டினி.

அம்மஞ்சளைக் கண்டதும் தேங்கிய நீரிலேயே யூரியாவை வீசுவது பல மாநிலங்களிலும் காணப்படும் பழக்கம். அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஆற்றல் இழந்த வேர் சத்தை உறிஞ்ச இயலாது. நிலம் காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி வரும்போது இட்டதில் பெரும்பகுதி வாயுவாகவே போய்விடும்.

ஒரே நீர், வெவ்வேறு பயிர்கள்

எல்லாப் பயறுவகைகளும் நீர்த்தேக்கத்திற்கு ஒரே விதமாக இணங்குவதில்லை. தீவனங்களின் அரசி எனப் போற்றப்படும் குதிரைமசால், இவ்வகையில் மிகவும் மென்மையானது. நல்ல வடிகாலுள்ள ஆழமான மண்ணில் ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அறுக்கலாம் என்பதே அதன் சிறப்பு. அதனாலேயே அதன் இழப்பும் பெரிது. வெயில் கடுமையாக உள்ள நாள்களில் நீர் இரண்டு மூன்று நாள் நின்றாலே வயல் திட்டுத்திட்டாக அழிந்துவிடக்கூடும். குளிர்காலத்தில் மண்ணுயிர்களின் சுவாசம் மந்தமாவதால் இன்னும் சில நாள் தாங்கும். நீரில் நீந்திப் பரவும் வித்துகளைக் கொண்ட பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் சேர்ந்துகொண்டால், நீர் வடிந்த பிறகும் ஆணிவேர் கறுத்துச் செடி சாகும். நான்காண்டு வருமானத்திற்கென விதைத்தது முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டால், இழப்பை ஒரு பருவத்துக் கணக்கால் அளக்க முடியாது.

மானாவாரிப் பருவத்தில் காராமணியும் கொத்தவரையும் தீவனமாக விதைக்கப்படுகின்றன. வறட்சியைத் தாங்கும் கொத்தவரை, நிற்கும் நீரைச் சற்றும் பொறுக்காது. இராஜஸ்தானின் மணற்பாங்கான நிலத்தில் செழிக்கும் பயிரை மாளவத்தின் கனத்த கரிசலில் விதைத்துவிட்டு விதையைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

பர்சீம் நடுத்தர நிலையில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வந்த இப்பயிர், இன்று பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலப் பால்வளத்தின் அடித்தளமாக விளங்குகிறது. அக்டோபரில் விதைத்து, ஏறத்தாழ 50 நாளில் முதல் அறுவடையும், பின்னர் மாதத்திற்கு ஒன்று வீதம் ஐந்தாறு அறுவடைகளும் எடுக்கிறார்கள். பாத்தியில் சில அங்குல நீரை நிறுத்தி, அந்த நீரின் மேலேயே விதையைத் தூவுவது அங்குள்ள வழக்கம். நீர் தேங்கினால் கேடு என்று கூறிவந்த நாம் இதை எவ்வாறு விளக்குவது? விதைப்பின்போது செடியில் முடிச்சே இல்லை; நீர் ஆழமற்றது, காற்றோடு கலந்தது; விரைவில் மண் அதை உறிஞ்சிவிடும். முடிச்சுகள் தோன்றி வேலை தொடங்குவது அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்து. அப்பயிர் வேண்டுவது அடிக்கடி தரும் மெல்லிய பாசனம். அதையே தேங்கும் பாசனமாக மாற்றினால் இரண்டாம் அறுவடையிலேயே தழை வெளிறித் தெரியும்.

பஞ்சாபின் தென்மேற்கில் உள்ள முக்த்சர், பாசில்கா மாவட்டங்களில் இது கண்கூடு. அங்கு நிலத்தடி நீர் உவர்ப்பானதால் அதை இறைத்துப் பயன்படுத்துவோர் குறைவு. பாசனம் முழுவதும் கால்வாயை நம்பியது. கால்வாய்களின் கசிவும் பாசனநீரின் எச்சமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நீர்மட்டத்தை வேர்ப்பகுதி வரை உயர்த்திவிட்டன. மேலே நீர் தெரியாமலே கீழே வேர் நனைந்து கிடக்கும் நிலம் அது. கர்னாலில் 1969 முதல் இயங்கிவரும் மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், இத்தகைய நிலங்களுக்கு மண்ணுக்கடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து மிகைநீரை வெளியேற்றும் முறையை வகுத்தது. ஹரியானாவில் அது வயல் அளவில் செயற்படுத்தப்பட்டுள்ளது. இதைத் தனியொரு உழவர் செய்வது கடினம். நீர் சென்று சேரும் பொது வடிகால் இருந்தால்தான் குழாயால் பயன் உண்டு. அதற்கு ஊர் கூட வேண்டும்.

நீரையே வாழ்விடமாகக் கொண்ட பயறுவகைகளும் உள. அவை இச்சிக்கலுக்குக் கண்டிருக்கும் தீர்வு வியக்கத்தக்கது. நம் நெல்வயல்களில் பசுந்தாளுரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டைப் பிடுங்கிப் பாருங்கள். நீரில் மூழ்கிய தண்டுப்பகுதி பஞ்சுபோல் உப்பியிருக்கும். அப்பஞ்சு, மேலிருந்து காற்றை வேருக்கும் முடிச்சுக்கும் இறக்கும் காற்றுத்திசு. மணிலா அகத்தி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மூச்சுத்திணறும் வேரை மட்டும் நம்பாமல், நீருக்கு மேலே தண்டிலேயே வரிசை வரிசையாக முடிச்சுகளை உருவாக்கிக்கொள்கிறது. சதுப்பில் வளரும் நெட்டியும் இத்தகைய தண்டுமுடிச்சுகளைக் கொண்ட இனமே. வங்காளத்தில் மணமகனின் மகுடமாகவும் தஞ்சையில் கோயில் கோபுரங்களின் சிற்றுருவமாகவும் ஆகும் அந்த வெண்ணிறத் தக்கை ஒரு பயறுவகைச் செடியின் தண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வடஇந்தியாவில் செஞ்ஜி என வழங்கும் தீவனச் செடிக்கு உறவான மெசினா என்னும் இனத்தை, உவரும் நீர்த்தேக்கமும் சேர்ந்த நிலங்களுக்கென ஆஸ்திரேலியாவில் தேர்ந்தெடுத்துள்ளனர். அதன் வேரையும் முடிச்சையும் காற்றுத்திசு சூழ்ந்திருக்கிறது. செடி மட்டும் தாங்கினால் போதாது, அதனோடு வாழும் ரைசோபியமும் கோடைக்கால உவரைத் தாங்கிப் பிழைக்க வேண்டும் என்பது அம்முயற்சியின்போது தெளிவாயிற்று. அதன் பொருட்டு உவர் தாங்கும் நுண்ணுயிர் வகையையும் தனியே தேர்ந்தெடுக்க நேர்ந்தது.

வயலில் நாம் காண வேண்டியவை

இவற்றை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு மண்வெட்டி போதும். மழை ஓய்ந்து நான்கைந்து நாள் கழித்து, வயலின் மேட்டில் ஒரு செடியையும் தாழ்வில் ஒரு செடியையும் மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். வாளி நீரில் மண்ணைக் கரைத்துவிட்டு, முடிச்சுகளை நகத்தால் பிளந்து பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் ஆலை ஓடுகிறது. வெண்மையாக இருந்தால் அது இளம் முடிச்சாக இருக்கலாம், அல்லது வேலை செய்யாததாக இருக்கலாம். பச்சையாக மாறியிருந்தால் நிறமி சிதைந்துவிட்டது. பழுப்பாகிக் கூழாகியிருந்தால் அது முடிந்த கதை. மண்ணின் நிறமும் பேசும். சாம்பலும் நீலமும் கலந்த மண், அழுகிய முட்டையின் வாடை ஆகியவை நெடுநாள் காற்றின்றிக் கிடந்ததற்கு அடையாளங்கள்.

நீரை வடித்த பின்னும் மீட்சி உடனே வந்துவிடாது. பர்சீம், குதிரைமசால் ஆகியவற்றின் முடிச்சுகள் நீளவாட்டில் நுனி வளர்ந்துகொண்டே போகும் இயல்புடையவை. நுனி உயிரோடிருந்தால் அங்கிருந்து மீண்டும் தொடரும். காராமணியின் உருண்டை முடிச்சுகளுக்கு அந்த வசதி இல்லை. புதியவை தோன்ற வேண்டும். எவ்வாறாயினும் இரண்டு மூன்று வாரங்கள் செடி தன் தழைச்சத்துத் தேவையைத் தானே ஈட்ட இயலாது. அக்காலத்தில், மண்ணில் காற்றோட்டம் திரும்பிய பின், சிறிதளவு யூரியா இடுவதோ, இரண்டு விழுக்காட்டுக் கரைசலாக இலைவழி தெளிப்பதோ பயன் தரும். மிகுதியாக இட்டால் செடி புதிய முடிச்சுகளை உருவாக்க முனையாது. தெளித்த தழையை உடனே அறுத்து மாட்டுக்குப் போடுவதும் கூடாது.

தாழ்வான வயலில் நீர் நிற்கும்போதே, இருப்பதையாவது எடுத்துக்கொள்வோம் என்று அறுத்துவிடுவது இயல்பாகத் தோன்றும். குதிரைமசாலில் அது செடியைக் கொல்வதற்கு ஒப்பாகும். இலைகளே வேருக்குச் சர்க்கரை அனுப்புபவை. அறுத்த தாள் நீருக்குள் மூழ்கினால் காற்று இறங்கும் கடைசி வழியும் அடைபடும். நீர் வடிந்து புதுத் தளிர் தெரியும் வரை பொறுப்பதே நலம்.

வருமுன் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. லேசர் கருவி கொண்டு நிலத்தைச் சமன் செய்தால் திட்டுத்திட்டாக நீர் நிற்பது பெரிதும் குறையும். கனத்த மண்ணில் மேட்டுப்பாத்தி அமைத்து, பாத்திகளுக்கிடையே வாய்க்கால் விட்டு, அதைத் தாழ்ந்த மூலையில் ஒரு வெளிப்போக்குடன் இணைப்பது அடுத்த படி. இவற்றுக்கு நில மேம்பாட்டுக் கடன் பெற வழியுண்டு. ஆயினும் மாட்டுக்கொட்டகைக்கும் பால் கறக்கும் எந்திரத்துக்கும் வரும் விண்ணப்பங்களோடு ஒப்பிட்டால் வடிகாலுக்கென வருபவை மிகச் சில. கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை வசதி 2018-19 நிதிநிலை அறிக்கையின் வழியே விரிவுபடுத்தப்பட்டதால், தீவனச் செலவுக்கு நடைமுறை மூலதனம் பெறுவது எளிதாகியுள்ளது. அப்பணம் ஆண்டுதோறும் பிண்ணாக்காக மாறுவதா, ஒருமுறை வாய்க்காலாக மாறுவதா என்பதைக் கடன் பெறுமுன் கிளையின் வேளாண் அலுவலரோடு கலந்து பேசுவது நன்று.

நெல்லுக்குப் பின் பயறுவகைத் தீவனம் விதைப்போர் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் நீர் நின்ற வயலில் ரைசோபியத்தின் எண்ணிக்கை குன்றியிருக்கும். சென்ற ஆண்டு இட்டோமே என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு விதைப்பிலும் அப்பயிருக்குரிய ரைசோபியத்தை விதையோடு கலக்க வேண்டும்; பர்சீமுக்கு உரியது காராமணிக்கு உதவாது. வெல்லக் கரைசலைக் காய்ச்சி, நன்கு ஆறிய பின் நுண்ணுயிர்ப் பொட்டலத்தை அதில் கலந்து, விதையின்மேல் சீராகப் படியச் செய்து, நிழலில் உலர்த்தி, வெயில் தாழ்ந்த பின் அன்றே விதைத்துவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடங்களில், முந்திய ஆண்டு அதே பயிர் செழித்த வயலின் மேல்மண்ணை எடுத்துவந்து தூவுவது வடஇந்திய உழவர்கள் நெடுநாளாகக் கையாளும் முறை. அம்மண்ணை நீர் தேங்காத மேட்டுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.